தலையெழுத்தும் தாலுகாவும்

சேர்ந்த கல்லூரி பிடிக்கவில்லை என்று ஓர் இளைஞன் புலம்பினால், அவனுக்கு ஆறுதல் கூற நம் நாட்டிலே ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: தலையெழுத்து! அதே தெருவிலே இன்னொருவன், தான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் முகம் மலர்கிறான் என்றால், அவனுக்கும் ஒரு சொல் காத்திருக்கிறது: கொடுத்து வைத்தவன்! முன்னவன் தலையில் எழுதியது யார், பின்னவன் எவரிடம் என்ன கொடுத்து வைத்தான் என்று கேட்டால், கேட்டவனைக் குதர்க்கவாதி என்பர். நாம் கேட்கத்தான் வேண்டும். அந்த எழுத்து அரசாங்கத்தின் ஆணையிலே இருக்கிறது. நீதிமன்றத்தின் தீர்ப்பிலே இருக்கிறது. நில அளவைக்காரரின் வரைபடத்திலே இருக்கிறது. கல்லூரி முதலாளியின் கட்டணப் பட்டியலிலே இருக்கிறது. எழுதியவர் பெயரும் தேதியும்கூடக் கிடைக்கின்றன. பிரமனின் கையெழுத்தை மட்டும் காணோம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள், மதிப்பெண் பட்டியலையும் சாதகக் கட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு சோதிடர் வீட்டுக்குப் போகும் பெற்றோரை நான் அறிவேன். செவ்வாய் வலுத்திருந்தால் பொறியியலாம். புதன் நன்றாயிருந்தால் கணக்கியலாம். அந்தக் கிரகங்களுக்கு ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர், சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல் என்பது தெரியுமோ, தெரியாதோ! ஆனால் எந்த மாணவன் எந்தக் கல்லூரியை விரும்புவான், எவன் வெறுப்பான் என்பதைக் கோள்களைவிட அந்தக் கிலோமீட்டர்கள் நன்றாகவே தீர்மானித்து வந்திருக்கின்றன. எங்கள் வட்டாரத்தின் வரலாறே அதற்குச் சான்று.

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி என்றோர் சிற்றூர். அங்கே 1878இல் கிராம முன்சீப் ஒருவர் வீட்டில் பிறந்தவர் இராசகோபாலாச்சாரியார். ஓசூரில் பள்ளிப் படிப்பு. மெட்ரிகுலேசன் தேறியாயிற்று, இனிக் கல்லூரி எங்கே? ஓசூரில் இல்லை, கிருட்டிணகிரியில் இல்லை. அன்று ஓசூருக்கு இருப்புப்பாதையும் இல்லை. பிள்ளை பெங்களூர் சென்றான். சென்ட்ரல் கல்லூரியில் சேர்ந்து 1894இல் பட்டம் பெற்றான். சென்னை சென்று 1897இல் சட்டமும் முடித்தான். இதிலே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பெங்களூர் மைசூர் அரசருடைய சீமை; ஓசூரோ 1799இல் திப்பு வீழ்ந்தபின் கும்பினியார் கைக்கு வந்த சென்னை மாகாணப் பகுதி. அப்படியிருந்தும் மாணவன் எல்லையைக் கடந்தபோது அவன் பெற்ற பட்டம் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பட்டமே! 1916இல் மைசூர்ப் பல்கலைக் கழகம் தோன்றும் வரை சென்ட்ரல் கல்லூரி சென்னையோடு இணைந்தே இருந்தது. ஆக, அந்நாளில் எங்கள் எல்லையைக் கடக்க முன்சீப் மகனுக்குத் தடை ஏதும் இல்லை. வழிச்செலவுக்குப் பணமும், விடுதியிலே பந்திக்கு ஏற்ற பிறப்பும் இருந்தால் போதும். இந்த இரண்டும் தொரப்பள்ளியிலே எத்தனை வீடுகளில் இருந்திருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

அந்தப் பிறப்பு வாய்க்காதவனுக்குக் கல்லூரி எப்படி இருந்தது? அதற்கும் ஒருவர் சாட்சியம் எழுதி வைத்துப் போயிருக்கிறார். இரட்டைமலை சீனிவாசன், 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்திலே, கோயம்புத்தூர்க் கலாசாலையில் தாம் படித்த காலத்தைச் சில வரிகளில் கூறுகிறார். ஏறத்தாழ 400 மாணவர். அவர்களுள் பத்துப் பேர் போக மற்றவரெல்லாம் பார்ப்பன வகுப்பினர். தோழமை கொண்டால் சாதி என்ன, இருப்பிடம் எது என்று கேட்பார்கள். தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சி, அவர் வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்தபின்தான் வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடித்துப் பேசாதவாறு விரைந்து நடந்து வீடு சேர்வாராம்.

எண்ணிப் பாருங்கள்! நூலகம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், பாடம் நடந்தது. படிக்கவும் செய்தார். ஆனால் கல்லூரி என்று நாம் சொல்கிறோமே, வகுப்பு முடிந்தபின் மரத்தடியிலே நின்று வாதிடுவது, ஒருவன் புத்தகத்தை இன்னொருவன் வாங்கிப் போவது, சேர்ந்து உண்பது, அது அவருக்குக் கிட்டவில்லை. மணிக்கும் மணிக்கும் இடையிலே மட்டும் அவர் மாணவர். இன்றைக்குக் "கல்லூரி பிடித்ததா?" என்று கேட்பவர்கள், கட்டடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் வேலைவாய்ப்பு விழுக்காட்டையும் கணக்கிடுகிறார்கள். அவற்றுக்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று சீனிவாசனின் அந்தச் சில வரிகளில் இருக்கிறது: மணி அடிப்பதற்கு முன்னே அந்த மாணவன் எங்கே நின்றான்?

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை இதற்கு அருகிலே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பரோடா மன்னர் சாயாசிராவ் தந்த உதவித்தொகையால் 1913இல் அவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1930இல், தம் வாழ்நாளின் மிகச் சிறந்த நண்பர்கள் அங்கே உடன் பயின்றவர் சிலரும் சான் டூயி, செலிக்மன் போன்ற பேராசிரியர்களுமே என்று நெகிழ்ந்து எழுதினார். அதே மனிதர் 1918இல் பம்பாய் சிடன்காம் கல்லூரியிலே பேராசிரியராகப் பணி ஏற்றபோது, ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த குடத்திலே அவர் தண்ணீர் எடுப்பதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். கடல் கடந்த கல்லூரி சொந்த வீடாயிற்று; சொந்த நாட்டுக் கல்லூரியிலே தண்ணீர்க் குடம் அந்நியமாயிற்று! கொலம்பியாவின் தூண்கள் பம்பாயின் தூண்களைவிட உயரமானவை என்பதாலா அவர் அதை நேசித்தார்?

பெண்களுக்கு நேர்ந்ததும் இதுவே. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலே முத்துலட்சுமி என்ற பெண் சேர விரும்பியபோது ஆண்கள் படிக்கும் இடத்திலே பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது; தொண்டைமான் மன்னரின் ஆணை வேண்டியிருந்தது. அவர் பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார் என்பதை நாடறியும். மன்னர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் கேட்பதில்லை. ஒரு பெண்ணின் கல்வி ஓர் அரசரின் நல்ல மனத்திலே தொங்கிக்கொண்டிருந்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தியா?

இனி, விருப்பும் வெறுப்பும் பேசுவதற்கு முன்னே இடம் என்ற ஒன்று வேண்டுமல்லவா? 1950இல் சென்னை இராச்சியம் முழுவதற்கும் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகள், இடங்கள் 330. நான்கு பொறியியல் கல்லூரிகள், இடங்கள் 395. அன்றைய சென்னை இராச்சியம் என்றால் ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கிய பெருநிலம்! அதிலே வெளி மாநிலத்தாருக்கும் அரசின் விருப்புரிமைக்கும் ஒதுக்கியது போக, எஞ்சிய இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பகுத்தனர். பதினான்கில் ஆறு பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு, இரண்டு பிற்பட்ட இந்துக்களுக்கு, இரண்டு பார்ப்பனர்க்கு, இரண்டு தாழ்த்தப்பட்டோர்க்கு, ஒன்று ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்க்கு, ஒன்று முசுலிம்களுக்கு. இதுதான் வகுப்புவாரி ஆணை. நீதிக்கட்சிக் காலத்திலே வித்திட்டு, முத்தையா முதலியார் நீர் பாய்ச்சி, பின் வந்த ஆட்சியும் வெட்டாமல் வளர்த்த பயிர்.

இந்தப் பயிரைக் களை என்று கூறி இருவர் உயர்நீதிமன்றம் ஏறினர். செண்பகம் துரைராசன் என்ற அம்மையார் மருத்துவக் கல்லூரிக்காக. சீனிவாசன் என்பார் பொறியியல் கல்லூரிக்காக. 1950 சூலையில் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9இல் உச்சநீதிமன்றமும் ஆணையைச் செல்லாதென்றன. அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை என்பதை அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது! விண்ணப்பிக்காத ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்ட வருத்தம் ஆண்டவன் சந்நிதி வரை கேட்டது; விண்ணப்பம் என்றால் என்னவென்றே அறியாத ஊர்களின் வருத்தம் எந்த மன்றத்திலும் பதிவாகவில்லை. பெரியார் தலைமையிலே கிளர்ச்சி வெடித்தது. சென்னையிலே மூண்ட தீ தில்லி வரை தெரிந்தது. 1951 சூன் 18இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பிறந்தது. அதன் வழியே 15ஆம் பிரிவில் சேர்ந்த நான்காம் உட்பிரிவுதான் இன்று வரை நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலில் கால் வைக்கும் படிக்கல்.

தொரப்பள்ளியார் கதை இன்னும் முடியவில்லை. 1953இல் அவர் முதலமைச்சர். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளிலே நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் தந்தையின் தொழிலைக் கற்க வேண்டும் என்று திட்டம் வகுத்தார். இரண்டு வேளையாகப் பள்ளி நடத்தினால் மிகுதியான பிள்ளைகள் சேரலாம் என்பது அவர் தரப்பு வாதம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்கலாம் அல்லவா? தந்தையின் தொழிலைக் கற்றிருந்தால் அவர் தொரப்பள்ளியிலே முன்சீப் வேலை பார்த்திருப்பார். கவர்னர் செனரல் ஆகியிருக்க மாட்டார். தமக்குத் திறந்த பெங்களூர்ச் சாலையை, வண்டி ஓட்டியவன் மகனுக்கு அவர் ஏன் அரை நாளாகக் குறுக்கினார்? 1954இல் அவர் பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று. பள்ளிகள் பெருகின. பத்தாண்டு கழித்து அதன் அறுவடை கல்லூரி வாயிலுக்கு வந்து நின்றது.

1964இல் கிருட்டிணகிரியில் அரசு கலைக் கல்லூரி. 1965இல் தருமபுரியில் ஒன்று. சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்த் தீர வேண்டும் என்ற நிலை அன்றுதான் உடைந்தது. இவற்றைப் பற்றி எவரும் காவியம் பாடவில்லை. வகுப்பறைக்கு விசிறி இருந்ததா, நூலகத்திலே நூல் இருந்ததா என்று கேட்டால் பல குறைகள் வெளிவரும். எனினும் எங்கள் பகுதியிலே ஐம்பது அறுபது அகவை கடந்த ஆசிரியர்கள், வருவாய்த்துறை எழுத்தர்கள், வழக்கறிஞர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் குறைகளையெல்லாம் ஒருமுறை சொல்லிவிட்டு, பின்பு அரை மணி நேரம் அந்தக் கல்லூரியைப் புகழ்வார்கள். காலையிலே பேருந்து, மாலையிலே மாட்டுக்குத் தண்ணீர், இரவிலே பாடம் என்று இருந்த பிள்ளைக்கு, பக்கத்திலே அமர்ந்தவனும் அப்படியே வந்தவன். மணி அடிக்கும் வரை வெளியே ஒளிந்து நிற்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

1992ஆம் ஆண்டைப் பாருங்கள். அன்றைய தருமபுரி மாவட்டமும் சேலம் மாவட்டமும் பெண்சிசுக் கொலைக்குப் பெயர் கெட்டிருந்த காலம். சேலத்திலே அரசு தொட்டில் கட்டியது, வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அங்கே விட்டுச் செல்லுங்கள் என்று. அதே ஆண்டு கிருட்டிணகிரியிலே மகளிர் கலைக் கல்லூரி எழுந்தது. தொட்டிலும் கல்லூரியும் ஒரே ஆண்டில்! உயிரோடு விடப்பட்டதே பேறு என்று எண்ணப்பட்ட பெண், பட்டத்துக்குப் படிக்கும் பெண் ஆனாள். அவளிடம் போய், சென்னையிலே இதைவிடச் சிறந்த கல்லூரி உண்டே, உனக்கு வருத்தமில்லையா என்று கேட்கத் துணிவு வேண்டும்.

வருத்தத்தின் வரலாறு வேறு திசையிலே வளர்ந்தது. 1970களில் ஓசூரிலே சிப்காட் தொழிற்பேட்டை, 1980இல் அசோக் லேலண்டு ஆலை, டி.வி.எஸ். மொபெட், பின்னர் டைட்டன் கைக்கடிகாரம். இயந்திரம் வந்த ஊரிலே இயந்திரவியல் பட்டத்துக்குக் கிராக்கி வருவது இயல்பு. 1984இல் தமிழக அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 1987இல் ஓசூரிலேயே ஒன்று வந்தது. 1994இல் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி. நாடெங்கும் பெருகிப் பெருகித் தமிழகத்தில் ஐந்நூறையும் தாண்டின. நிலத்தை விற்றுச் சேர்த்தார்கள். நகையை வைத்துச் சேர்த்தார்கள். 1950இல் 395 பேருக்கு மட்டும் என்றிருந்தது பரவலாயிற்று. அதை நான் குறை கூறேன். ஆனால் பரவலானது இடமா, கல்வியா? ஆசிரியரே சென்ற ஆண்டு வெளிவந்த மாணவர். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் கருவி வரும். இப்படிப்பட்ட இடங்களிலே பட்டம் பெற்றவன், அதே சிப்காட் வாயிலில், பட்டயம் படித்தவனோடும் ஐ.டி.ஐ. படித்தவனோடும் ஒரே வரிசையில் ஒப்பந்த வேலைக்கு நின்றபோது, அவன் வாயில் வந்த சொல் என்ன? தலையெழுத்து! சில ஆண்டுகளில் இடங்கள் நிரம்பாமல் போயின. பல கல்லூரிகள் மூடப்பட்டன. மூடிய கல்லூரியின் பட்டத்தை வைத்திருப்பவனுக்கு அதைச் சொல்லி என்ன பயன்?

எல்லையின் கதைக்கு மறுபடி வருவோம். 1894இல் முன்சீப் மகனுக்குத் தடை இல்லாத அந்த 40 கிலோமீட்டர், பின்னாளில் விலை கேட்கத் தொடங்கியது. 1953இல் மணிப்பாலில் தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து, நன்கொடை கொடுத்து இடம் பெறும் முறைக்குக் கருநாடகம் பெயர் பெற்றது. 1989 சூனில் அந்த அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தனியார் மருத்துவக் கல்லூரியிலே அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். கருநாடக மாணவர்க்கு 25,000. வெளி மாநில இந்தியர்க்கு 60,000! உத்தரப் பிரதேசத்து மீரட்டைச் சேர்ந்த மோகினி செயின் என்ற மாணவி தும்கூரிலே மருத்துவம் படிக்க முயன்று, அந்த 60,000ஐக் கேட்டு மலைத்து, உச்சநீதிமன்றம் சென்றார். அதற்கு மேலும் நான்கரை இலட்சம் கேட்டனர் என்பது அவர் குற்றச்சாட்டு, கல்லூரி மறுத்தது. 1992 சூலை 30இல், இத்தகைய கட்டணம் கல்வி உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே உன்னிகிருட்டிணன் வழக்கில் ஐவர் அமர்வு, இலவச இடம், கட்டண இடம் என்று வேறொரு பாகுபாட்டை வகுத்தது. நீதி வந்து ஓராண்டிலே தவணைக்கு மாறியது என்று கொள்க!

மீரட்டுக்காரிக்கு வெளி மாநிலம் ஆயிரம் கல்லுக்கு அப்பால். எங்கள் பிள்ளைக்கோ அத்திப்பள்ளிச் சுங்கச் சாவடிக்கு அப்பாலே வெளி மாநிலம். அவன் வீட்டிலே பேசுவது தெலுங்காக இருக்கும், கன்னடமாக இருக்கும். அத்தை பெங்களூரிலே, மாமன் ஆனேக்கல்லிலே இருப்பார். பாட்டிக்கு எல்லை தெரியாது. கல்லூரி அலுவலகத்துக்குத் தெரியும். ஒரு மாநிலத்தின் அட்டவணைச் சாதியினர் இன்னொரு மாநிலம் சென்றால் அங்கே அந்தச் சலுகையைக் கோர இயலாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. சாதி இழிவு சாவடியைத் தாண்டி உடன் வருகிறது. சான்றிதழ் மட்டும் சாவடியிலே இறங்கிக்கொள்கிறது! முதல் பட்டதாரிக்கு 2010இல் தமிழக அரசு தந்த கல்விக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடும் தமிழ்நாட்டுக் கலந்தாய்வோடு நின்றுவிடுவன.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்பவர் யார்? தரகர் சொல்ல மாட்டார். மே மாதத்திலே அவர் பள்ளி வாயிலுக்கே வருகிறார். பெங்களூர்க் கல்லூரியின் வண்ணத் தாளைக் கொடுக்கிறார். "முதல் ஆண்டு கட்டணம் குறைவு" என்கிறார். இரண்டாம் ஆண்டைப் பற்றிய கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. செவிலியர் படிப்புக்கு மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்கும் தந்தை நூற்றில் ஒருவர். படிப்பைப் பாதியில் விட்டு வந்த என் பழைய மாணவர்கள் சிலரைக் கேட்டால், பாடம் கடினம் என்று எவனும் சொல்வதில்லை. "சேர்வதற்கு முன் யாரும் சொல்லவில்லை ஐயா" என்கிறார்கள். சான்றிதழ்களை மூலமாகவே வாங்கி வைத்துக்கொண்டு, மீதிக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்ற நிருவாகத்திடம் மாதக்கணக்கில் அலைந்தவனும் அவர்களுள் உண்டு.

2021-22ஆம் ஆண்டுக்கான இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டில் 18 முதல் 23 அகவை வரையுள்ளோரில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47; இந்தியாவுக்கு 28.4. மணி அடிக்கும் வரை வெளியே நின்றவரின் நாட்டுக்கு இது பெரும் பாய்ச்சல். 2022 சனவரியில் கிருட்டிணகிரிக்கு 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மாநிலம் முழுவதற்கும் 330 என்றிருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வாயிலில் 2017 முதல் நீட் என்ற புதுக் காவலர் நிற்கிறார். அரியலூர் அனிதாவை இழந்த நாடு அவரை நன்கறியும். மருத்துவக் கல்லூரி பேருந்து தொலைவுக்கு வந்தது. பயிற்சி மையத்தின் கட்டணம் எட்டாத் தொலைவுக்குப் போயிற்று.

இவ்வாண்டுகளில் வேறொரு போட்டியும் எங்கள் பெண் பிள்ளைகள் முன்னே நிற்கிறது. ஓசூரை அடுத்த மின்னணு ஆலையும், போச்சம்பள்ளியில் மின்சார வண்டி ஆலையும் இளம்பெண்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுக்கத் தொடங்கின. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறு மாதமே சம்பளம், விடுதி, உணவு, பேருந்து. மறுபுறம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவி. ஆலைச் சம்பளத்துக்கு முன் ஆயிரம் சிறு தொகைதான். ஆயினும் வீட்டிலே, "கல்லூரிக்குப் போனாலும் காசு வருகிறதே" என்று ஒரு தாய் வாதாடுவதற்கு அது கையில் கிடைத்த ஆயுதம். அந்த ஆயுதத்தால் பதினெட்டிலே வரவிருந்த மாப்பிள்ளை இருபத்தொன்றுக்குத் தள்ளிப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆலைக்குப் போன பெண்களையும் பார்த்திருக்கிறேன். சொந்தப் பணம் கையில் வந்த பெண்ணின் நிமிர்ந்த நடையும் எனக்குப் பிடிக்கிறது. இரண்டாண்டு கழித்து அவர்களுள் சிலர் பள்ளிக்கு வந்து, "இனிமேல் கல்லூரியில் சேர முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும் என்று சொல்லி, அஞ்சல்வழிப் படிப்பின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கிறோம். இரவுப் பணி முடித்து அவர்கள் எப்போது படிப்பார்கள் என்று விண்ணப்பத்திலே கேள்வி இல்லை.